மயக்க டாக்டரிடம் மட்டும் சொன்னது

என் மனைவிக்கு மயக்க ஊசி போட்ட டாக்டருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். ஒரே வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருப்போம். ஒரே கேள்வித்தாளாகக்கூட இருந்திருக்கலாம். இதை நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவருடைய அறைக்கு வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நானாகக் கணக்குப் பார்த்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து வீட்டில் சிரிப்புக்கு இடமில்லை. எண்ணெய் பட்ட எதைத் தின்றாலும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். எங்கள் சின்ன மகள் "எங்கம்மாவுக்குக் கல்லு வலிக்கு" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், கஞ்சி வைத்தேன், விடுப்புப் போட்டுக் கூடவே இருந்தேன். அம்புட்டும் செய்தும் ஒரு தடவைகூட அவளைச் சிரிக்க வைக்க என்னால் முடியவில்லை. அன்றுதான் முதல் தடவையாக முகம் பார்த்த ஓர் ஆள் சிரிக்க வைத்துவிட்டார்.

எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு யூனிட்டில் தரம் பார்க்கும் வேலை. அப்பாவும் அம்மாவும் நூல் மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துக் கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான்தான். அதனால் சொந்தத்தில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் "அவன்ட்ட காட்டு, அவன் சொல்லுவான்" என்று என்னிடம் வந்துவிடும். டாக்டர் முன்னால் உட்காரும்போதும் நான்தான் பேசுவேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, எத்தனை நாளாக மங்கலாகத் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். அப்பா என் முகத்தைத்தான் பார்த்தார். அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று நான்தான் விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். படித்தவன் பேசுவான், நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதில் யாரும் குறை சொன்னதில்லை. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

ஆபரேஷனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியைப் பேசியிருந்தோம். மனைவியின் பிறந்த ஊர் பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. என் மாமியார் பஸ் ஏறி வந்துபோக ஸ்ரீவில்லிபுத்தூர்தான் தோது. சர்ஜன் தேதி குறித்துவிட்டார். அதற்கு முன்னால் மயக்க டாக்டர் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார்கள்.

இந்த மாதிரிச் சின்ன ஆஸ்பத்திரிகளில் மயக்க டாக்டர் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதில்லை. காலையில் ராஜபாளையம், மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தன் காரில் போய்வந்துகொண்டிருப்பார். ஆபரேஷன் செய்த சர்ஜன் பேரை ஊரே சொல்லும். மயக்கம் கொடுத்தவர் பேரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் அந்தச் சந்திப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் பஸ்ஸில் போகும்போதே, போனில் படித்து வைத்திருந்ததை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். தூங்க வைக்கிற மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஊசி ஏறும்போது கையில் சுள்ளென்று எரியும், பயப்படக் கூடாது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் தூங்கிவிடுவாய். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள். பாதியில் "ம்" கூட நின்றுபோனது.

மயக்க டாக்டர் அவளை வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். ஆடுகிற பல், கட்டின பல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன். முட்டை, சோயா ஏதாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்றார். இல்லை என்றேன். சர்க்கரை, பிரஷர், மூச்சிரைப்பு, தினமும் சாப்பிடுகிற மாத்திரை. எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் தயாராக இருந்தது. நாட்டு மருந்து, லேகியம், உடம்பு இளைக்கிற பொடி ஏதாவது உண்டா, அதையெல்லாம் மருந்து இல்லை என்று நினைத்து நிறையப் பேர் சொல்வதில்லை என்றார். அதற்கும் இல்லை என்றேன். தூங்கும்போது குறட்டை விடுவாங்களா என்று கேட்டார். மூன்றாவது ஆள் முன்னால் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அதற்கும் இல்லை என்றேன்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"ஆபரேஷன் உங்களுக்கா, அவங்களுக்கா சார்?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த கேள்வியை அவளைப் பார்த்துத்தான் கேட்டார். வீட்டில், சொந்தத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டு ஏதாவது சிக்கல் வந்திருக்கிறதா? முழிக்க நேரமாகியிருக்கிறதா? அவள் வாயெடுப்பதற்குள் "அப்படி யாரும் இல்ல சார்" என்று நான் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம், கீழே போய் ஈசிஜி ரிப்போர்ட் ரெடியாகிவிட்டதா என்று பார்த்து வாங்கி வரும்படி சொன்னார்.

ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. செத்த நேரம் உட்காருங்கள், டாக்டர் சொன்னதும் கூப்பிடுகிறேன் என்றாள் நர்ஸ். அப்போதுதான் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பேச்சு. "அணையில தண்ணி", "வத்திராயிருப்பு சந்தை" என்று இரண்டு மூன்று வார்த்தைகள் காதில் விழுந்தன. டாக்டர் வத்திராயிருப்புக்காரர் போலிருக்கிறது. அவள் ஊருக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான். பிறகு சத்தமே இல்லை. கதவு திறந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. சிரித்தும் இருக்கிறாள், அழுதும் இருக்கிறாள். என்னோடு இருக்கும்போது இரண்டும் ஒன்றாக நடந்ததில்லை.

வெளியே வரும்போது அவள் டாக்டரிடம், "அந்த மருந்து பால் மாதிரி இருக்கும்னீங்களே சார், கையில ரொம்ப எரியுமா?" என்று கேட்டாள். முதல் தடவையாகக் கேள்விப்படுகிற மாதிரி கேட்டாள். லேசாகத்தான் எரியும், எரியாமல் இருக்க முன்னாடியே ஒன்று போட்டுவிடுகிறேன் என்றார் அவர். "சரிங்க சார்" என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் பஸ்ஸில் எனக்குக் கிடைக்கவில்லை.

குறித்த தேதியில் ஆபரேஷன் இல்லை என்று சொன்னார்கள். அவளுடைய ரத்தத்தை ஒரு பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்புகிறார்களாம். என்ன பரிசோதனை என்று கேட்டேன். ஒரு சின்ன சந்தேகம், பார்த்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று டாக்டர் முடித்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லங்க" என்றாள். உள்ளே எதுக்கு அழுதாய் என்றேன். "வலிச்சுது" என்றாள். வலித்தால் அவள் அழுவதில்லை, கண்ணைத்தான் மூடுவாள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. துணியில் இழை விட்டுப்போயிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் என் வேலை. துணி கையில் இருக்கும், நினைப்பு அந்தச் சாத்தின கதவுக்குப் பின்னால் இருக்கும். என்னவெல்லாமோ தோன்றியது. ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள், முன்னமே பழக்கமாக இருக்குமோ என்று ஒரு நாள். எனக்குத் தெரியக் கூடாத பெரிய வியாதியோ என்று மறுநாள். இரண்டில் எது என்னை அதிகமாகக் குடைந்தது என்று நேர்மையாகச் சொன்னால் முதலாவதுதான். வியாதி என்றால் நான் பார்த்துக்கொள்வேன். இன்னொருவரிடம் சொல்ல அவளுக்கு வார்த்தை இருந்தது என்பதை என்ன செய்ய?

டாக்டர் அவளுடைய போனுக்குக் கூப்பிட்டார், என்னுடையதற்கு இல்லை. ஆஸ்பத்திரியில் நான் எழுதிக் கொடுத்தது என் நம்பர். அவர் தனியாக அவளிடம் வாங்கியிருக்கிறார். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்ததும் ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். "சரிங்க சார். சொல்லுதேன் சார். இல்ல சார், இன்னும் சொல்லல" என்பது மட்டும் கேட்டது. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை.

"ஏலே, டாக்டரு உன்ட்ட பேசாம அவகிட்ட பேசுதாராக்கும். நீ எதுக்கு இம்புட்டுப் படிச்சே?"

அம்மா அதை விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சில் போய் நின்றது. மனைவி குளிக்கப் போனபோது அவள் போனை எடுத்துப் பார்த்தேன். "வத்திராயிருப்பு டாக்டர்" என்று போட்டு வைத்திருந்தாள். என் பேர் எப்படி இருக்கிறது என்று தேடினேன். "வீடு" என்று இருந்தது. என்னோடு பேசுவதென்றால் அவள் வீட்டைக் கூப்பிடுகிறாள். டாக்டரோடு பேசுவதென்றால் ஒரு மனுஷரைக் கூப்பிடுகிறாள்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் வண்டியை நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டேன். டாக்டர் ஒரு ஆபரேஷனை முடித்துவிட்டுக் காருக்குப் போய்க்கொண்டிருந்தார். நெற்றியில் தொப்பி இறுக்கிய தடம். மறித்து நின்று, என் மனைவி உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் மரியாதையாக வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. அது என்னை இன்னும் எரிச்சலாக்கியது. கார்க் கதவைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"நோயாளி சொன்னதை நான் வெளிய சொல்ல முடியாது சார், புருஷனா இருந்தாலும். ஆனா ஒண்ணு. உங்ககிட்ட சொன்னாத்தான் ஊசி போடுவேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். நாளைக்கு வேற ஊர்ல, வேற ஆஸ்பத்திரியில அவசரம்னு படுத்தா, அங்க நான் இருக்க மாட்டேன். நீங்கதான் இருப்பீங்க."

நீங்கதான் இருப்பீங்க என்று அவர் சொன்னதில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். அவர் கொடுத்துத்தான் அந்த இடம்கூட எனக்குக் கிடைக்கிறது என்றுதான் பட்டது.

மதுரையிலிருந்து ரிசல்ட் வந்து புதுத் தேதி குறித்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே அட்மிட் ஆகச் சொன்னார்கள். பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போய்வரலாம் என்று அவள் சொன்னாள். நடக்கிற தூரம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் அங்கே போகாத ஆள் இந்தப் பக்கம் கிடையாது. சாமி கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். விபூதியை மடித்த தாளை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எங்க சின்ன மாமா இருக்காகல்ல" என்று ஆரம்பித்தாள்.

அவளுடைய தாய்மாமனைச் சொல்கிறாள். போலீஸில் இருக்கிறார். எங்கள் கல்யாணத்தில் பந்தியை ஒற்றை ஆளாக நின்று நடத்தியவர். அவருக்குச் சின்ன வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்ததாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் மனுஷருக்கு மூச்சு திரும்பவில்லையாம். மதுரைக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்து, பல மணி நேரம் கழித்துத்தான் தானாக மூச்சு விட்டாராம். இது ரத்தத்தில் வருகிற குறை, சொந்தக்காரர்கள் எல்லாரும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். யாரும் சோதிக்கவில்லை. அதற்குள் ஊரில் அவருக்குச் செத்துப் பொழச்சவன் என்று பேர் விழுந்துவிட்டது. பல வருஷம் கழித்து என் மனைவியின் அக்காவுக்குப் பேசி முடித்த இடம் இதைக் கேள்விப்பட்டு, குடும்பத்தில் ஏதோ கோளாறு என்று விலகிக்கொண்டது. அதோடு வீட்டில் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

மயக்க டாக்டர் அவளுக்கு விளக்கியதை அவள் எனக்கு விளக்கினாள். தூங்க வைக்கிற ஊசியோடு, தொண்டையில் குழாய் விடுவதற்காக உடம்பைத் தளர்த்துகிற ஊசி ஒன்றும் போடுவார்களாம். அதில் ஒரு வகை சீக்கிரமே விட்டுவிடுமாம். ஆனால் சில குடும்பத்தாருக்கு அதைக் கரைக்கிற சத்து ரத்தத்தில் குறைவாக இருக்குமாம். அவர்களுக்கு விடாதாம், மூச்சு விடுகிற தசையையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். முன்னாலேயே தெரிந்தால் ஒன்றுமில்லை, வேறு மருந்து போட்டுக்கொள்வார்களாம். அவளுக்கும் அந்தச் சத்து குறைவு என்று ரிசல்ட் வந்திருந்தது. எங்கள் மகளுக்கும் ஒரு தடவை பார்த்து வைக்க வேண்டும் என்றாள். ஒரு வார்த்தை தப்பாமல் சொன்னாள். நான் படித்துச் சொன்னதில் ஒரு வரி அவளுக்கு ஞாபகம் இருந்ததில்லை.

"என்ட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்க ஜாதகம் வந்தப்ப அம்மா சொல்லுச்சு. படிச்ச மாப்பிள்ளை, ரத்தத்துல கோளாறுன்னா புள்ளைக்கும் வரும்னு தெரிஞ்சிக்கிடுவாரு, வேண்டாம்னுருவாருன்னு. படிக்காத மாப்பிள்ளையா இருந்தா சொல்லியிருப்பாக."

என் படிப்புக்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சரி, பிறகு இத்தனை வருஷத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எப்ப விட்டீக? நான் வாயத் தொறக்கதுக்குள்ள அப்படி யாரும் இல்லன்னுட்டீகளே."

அவளே, மறைக்க மனசில்லாதவள் மாதிரி, "இப்பவும் அவரு சொன்னதாலதான் சொல்லுதேன்" என்றாள். அவளுக்கு அது நேர்மை. எனக்கு அதற்குப் பதில் அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

எதற்குச் சிரித்தாய் என்று மட்டும் கேட்டேன். குறட்டை இல்லை என்று நான் சொன்னதற்கு டாக்டர், உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், காதை அடைச்சுக்கிட்டுத் தூங்குறார் போல என்றாராம். சொல்லும்போதே மறுபடியும் சிரித்தாள்.

மறுநாள் காலை வெறும் வயிறு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் கூடாது, தண்ணீர் மட்டும் அவர்கள் சொன்ன நேரம் வரைக்கும். என் மாமியார் முதல் பஸ்ஸில் வந்தவர், முருங்கைக்கீரை சூப்பைப் பாத்திரத்தில் மூடிக்கொண்டு வந்திருந்தார். சூப் தண்ணிதானே மாப்ள, சாப்பாடா என்று என்னிடம் வாதாடினார். வயிற்றில் கிடப்பது மயக்கத்தில் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், சூப்பும் சாப்பாடுதான் என்று நான் சொன்னால் நம்பவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்த மயக்க டாக்டர் நின்று அதையே சொன்னார். மாமியார் பாத்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தி டாக்டர் எல்லாக் கேள்வியையும் மறுபடி கேட்டார். ஏற்கெனவே கேட்டதுதானே என்று நினைத்தேன். ஊசி போடுவதற்கு முன்னால் எப்போதும் கேட்பார்களாம். இந்தத் தடவை நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவளே சொன்னாள். பல் ஆடவில்லை, எந்த மாத்திரையும் இல்லை. என் தாய்மாமாவுக்கு மயக்க ஊசியில் மூச்சு நின்றது, எனக்கும் அந்தக் குறை இருக்கிறது, என் வீட்டுக்காரருக்குத் தெரியும். சத்தமாக, மாமியார் காதிலும் விழும்படி சொன்னாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். குறட்டை என்றதும் மட்டும் அவள் என் பக்கம் திரும்பி, "விடுவேனா?" என்று கேட்டாள்.

"விடுவா சார்" என்றேன். "மல்லாந்து படுத்தா நல்லாவே விடுவா."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னார். கதவு ஆடி நின்றது. எங்கள் யூனிட்டில் நான் பார்த்து அனுப்புகிற துணி தினமும் இந்த மாதிரிக் கதவுகளுக்கு உள்ளே போகிறது. அதற்குக்கூட அனுமதி இருக்கிறது. அவளோடு கடைசியாகப் பேசப் போகிறவர், தூங்கும் வரைக்கும் தலைமாட்டில் நிற்கப் போகிறவர், அவளுடைய ஒவ்வொரு மூச்சையும் எண்ணப் போகிறவர் அவர். சர்ஜன் மேல் எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. சர்ஜன் வயிற்றைப் பார்ப்பார், போவார். இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

காத்திருந்தபோது சின்ன மாமா யூனிஃபார்மோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயம் என்னிடம் வந்துவிட்டது என்று மாமியார் கண்ணாலேயே சொல்லியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவது போல எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"எல்லாம் கேட்டுச்சு மாப்ள. நர்சு ரெண்டு பேரு சேலை எடுத்த கதை பேசுதாக. பையன் போயிட்டான் போலன்னு ஒரு ஆளு சொல்லுதாரு. இல்ல, இருக்கேன்னு சொல்லணும், விரலைக்கூட அசைக்க முடியல."

அதற்குப் பிறகு அவர் ஆபரேஷன் என்ற வார்த்தைக்கே பயந்து, இடுப்பு வலியோடு டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை யாரிடமும் சொன்னதில்லையாம், மருமகளான என் மனைவியிடம் மட்டும் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொல்லியிருக்கிறாராம். அந்தக் கதையைச் சுமந்துகொண்டு அவள் என் பக்கத்தில் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கியிருக்கிறாள். உள்ளே போகும்போது எதை நினைத்துப் பயந்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டருக்கு அந்த முதல் நாளே தெரியும்.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் இருந்தால் ஒன்று சொல்கிறேன். மயக்க டாக்டர் கேட்கும்போது நோயாளியைப் பேச விடுங்கள். வேண்டுமென்றால் எழுந்து வெளியே போய்விடுங்கள், வெளியே இருப்பது சுகமாக இருக்காது. சொந்தத்தில் யாருக்கோ எப்போதோ நடந்ததை, கல்யாணத்துக்காக மறைத்ததை, வெட்கப்பட்டு விழுங்கியதை அந்த ஒரு ஆளிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு வாய் பேசாது.

கதவைத் திறந்து, முழித்துவிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். எட்டிப் பார்க்க மட்டும் விட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தது. டாக்டர் குனிந்து, கண்ணைத் திறங்கம்மா, தலையைத் தூக்குங்க, என் விரலைப் பிடிங்க, இன்னும் இறுக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு விரலை அவள் பிடித்திருந்தாள். தசைக்குப் பலம் முழுக்கத் திரும்பிவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பிடி மட்டும்தான் தெரிந்தது. சின்ன மாமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பிடிச்சுட்டா, பிடிச்சுட்டா என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். அந்த விரல் என்னுடையதாக இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

டாக்டர் வெளியே வந்து, அந்த மருந்தைத் தொடவே இல்லை, மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். மருந்தின் மப்பு முழுக்க இறங்க நேரம் ஆகும், இன்றைக்குப் பேசுவது அவங்களுக்கு ஞாபகம் இருக்காது, முக்கியமான விஷயம் எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றார். அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மனசாரத்தான் கும்பிட்டேன்.

வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மாமியார் டீ குடிக்கப் போயிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். கண் மூடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் என் கையை இறுக்கினாள்.

"சொல்லிட்டேன் சார்" என்றாள். நாக்கு குழறியது. "அவுகள்ட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்லல சார். விட்டுட்டுப் போயிருவாகளோன்னு ரொம்பப் பயந்தேன்."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பிடி அப்படி இருந்தது. சொன்னால் தளர்ந்துவிடும் என்று தோன்றியது.

"சரிம்மா" என்றேன். "அவர் எங்கயும் போக மாட்டார். தூங்குங்க."

"சரிங்க சார்" என்று தலையை ஆட்டினாள். கையை விடாமல் தூங்கிப்போனாள். மறுநாள் அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஆபரேஷன் முடிந்து முழித்ததும் யாரோடு பேசினேன் என்று கேட்டாள். டாக்டரோடு என்று சொன்னேன்.